விளைச்சலைக் கணிக்க: புள்ளியியல் மாதிரியா, செயல்முறை மாதிரியா?

புள்ளியியல் மாதிரிக்குப் பழைய மகசூல் பதிவும் வானிலைக் கணக்கும் இருந்தால் போதும். மழை கூடியபோது விளைச்சல் எவ்வளவு கூடியது என்று சொல்லிவிடும். ஏன் என்று கேட்டால் வாய் திறக்காது.

டிஎஸ்எஸ்ஏடி, ஆப்சிம் போன்ற செயல்முறை மாதிரிகள் பயிரை நாள்தோறும் கணினியில் வளர்த்துப் பார்க்கின்றன. மக்காச்சோளத்தின் அடிப்படை வெப்பநிலையை, அதாவது அதற்குக் கீழே பயிர் வளராத அளவை, 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால், சராசரி 26 டிகிரி உள்ள நாள் 16 வெப்ப அலகுகளைச் சேர்க்கும். இந்தக் கூட்டுத்தொகையை வைத்தே பூக்கும் நாள் கணிக்கப்படுகிறது. இலைப்பரப்பு பிடிக்கும் ஒளி உயிர்ப்பொருளாக மாறும். மண்ணில் ஈரம் குறைந்தால் அந்த வளர்ச்சி சுருங்கும். ஆனால் மண், ரகம், விதைப்பு நாள் என எல்லா விவரமும் கேட்கும். ரகத்தின் குணங்களைக் குறிக்கும் எண்களான கெழுக்களைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பரந்த வட்டாரத்துக்கு விரைவான முன்கணிப்பு வேண்டுமா? முதலாவதே போதும். பதிவில் இல்லாத வெப்பம், புதிய விதைப்புக் காலம் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.