மூன்று பந்துக் கருவியா, தண்ணீர்ப் போத்தலா? பிள்ளைகளின் மூச்சுப் பயிற்சிச் சாமான்கள் பற்றி ஒரு மதிப்பீடு

நியூமோனியா வந்து தேறிய பிள்ளை, அடிக்கடி தொய்வு (ஆஸ்துமா) இழுக்கிற பிள்ளை, நெஞ்சில் சளி கட்டியே இருக்கிற பிள்ளை உள்ள வீடுகளில் அலுமாரிக்கு மேலே ஒரு சாமான் தூசி பிடித்துக் கிடக்கும். வெளிப்படையான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே மூன்று பந்து, ஒரு நெளிகுழாய். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாமசியில் கேட்டு வாங்கியதாக இருக்கும். பிள்ளை ரெண்டு நாள் விளையாடிவிட்டு விட்டிருக்கும். குற்றம் பிள்ளையில் இல்லை.

முதலில் விளங்க வேண்டியது, இது உறிஞ்சுகிற சாமான். சின்னப் பிள்ளையின் கையில் குழாயைக் கொடுத்தால் ஊதத்தான் செய்யும், பந்து அசையாது. தலைகீழாகப் பிடித்தால் ஊதியும் பந்தைத் தூக்கலாம், ஆனால் அதற்கு ஒரேயடியாக வேகமாக ஊத வேண்டும். சளி உள்ள நெஞ்சுக்கு வேண்டியது நீளமான, மெதுவான மூச்சு.

இரண்டாவது, பெட்டியில் 600, 900, 1200 என்று போட்டிருக்கும் எண்கள். பலர் இதைக் காற்றின் அளவு என்று நினைக்கிறார்கள். இது வேகம்: செக்கனுக்கு இத்தனை மில்லிலீற்றர். 600 என்று போட்ட முதல் பந்தை இரண்டு செக்கன் மேலே வைத்திருக்க 1200 மில்லிலீற்றர் காற்று வேண்டும். நாலு வயதுப் பிள்ளை இழுக்கக்கூடிய முழு மூச்சே ஒரு லீற்றர் அளவில்தான் இருக்கும். அப்படியானால் அந்த வயதில் இது வெல்ல முடியாத விளையாட்டு. மாறாக, கொஞ்சம் பெரிய பிள்ளை 'சடக்'கென்று ஒரு இழுவை இழுத்தால் மூன்று பந்தும் எழும்பும், வீட்டார் கைதட்டுவார்கள், நெஞ்சுக்குள் போன காற்றோ அரைவாசி. முதல் பந்து மேலே நிற்க, இரண்டாவது எழும்பவோ விழவோ என்று ஆடிக்கொண்டிருக்க இரண்டு மூன்று செக்கன் இழுப்பதுதான் சரியான முறை. பெட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். சரித்துப் பிடித்தால் பந்து லேசாக ஏறிவிடும். இந்தக் கள்ள வேலையைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வயிற்றிலோ நெஞ்சிலோ சத்திரசிகிச்சை செய்த ஏழு, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இந்தக் கருவி பொருத்தம். படுத்தே கிடந்து நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப் போகாமல் இருக்கத்தான் இதைக் கொடுப்பது. தொய்வுக்கு இதை வாங்கச் சொல்லமாட்டோம்.

ஐந்து வயதுப் பிள்ளையின் சளிக்கு எங்கள் தெரிவு தண்ணீர்ப் போத்தல். செலவு ஒரு முழக் குழாய்க்கு மட்டும்தான்.

வேண்டியவை: ஒன்றரை லீற்றர் வெறும் தண்ணீர்ப் போத்தல், ஹாட்வெயார் கடையில் மேசன்மார் மட்டம் பார்க்க வாங்குகிற தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் 50 சென்ரிமீற்றர். குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, 10 என்றால் நல்லது. குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ரோ வேண்டாம். அதன் ஒடுக்கமே மூச்சைத் தடுக்கும், தண்ணீரின் ஆழத்துக்கு வேலை இருக்காது, பிள்ளை கன்னம் உப்பிக் களைத்துப்போகும்.

குழாயின் ஒரு நுனியைப் போத்தலுக்குள் இறக்கி, அந்த நுனியிலிருந்து நீர்மட்டம் வரை 10 சென்ரிமீற்றர் வருமாறு தண்ணீர் விடுங்கள். இந்த 10தான் கணக்கு. போத்தலில் எவ்வளவு தண்ணீர் என்பது அல்ல. நுனி அடியில் முட்டினால் அடைத்துக்கொள்ளும், ஒரு விரல் மேலே நிற்கட்டும். குழாய் அசையாமல் போத்தலின் கழுத்தோடு ஒரு பக்கம் மட்டும் ரேப் ஒட்டலாம். மூடியில் துளை போட்டுக் குழாயை இறுக்கிச் செருகுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. காற்று வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் குழாய் வழியே பிள்ளையின் வாய்க்குத் திரும்பும். மூடி தேவையே இல்லை.

ஊதும்போது அந்த 10 சென்ரிமீற்றர் தண்ணீர் மூச்சுக்கு ஒரு பின்தடையாக நிற்கிறது. சின்னச் சுவாசக் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் விரிந்திருக்க, காற்று சளிக்குப் பின்னால் போய் அதை மேலே தள்ளுகிறது. குமிழியின் அதிர்வும் கொஞ்சம் உதவும். பிள்ளைக்கு இந்த விளக்கம் தேவையில்லை. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டால் நுரை கழுத்தால் பொங்கி வழியும்; பேசினுக்குள் போத்தலை வைத்து, "நுரை வெளியே வரட்டும் பாப்பம்" என்றால் போதும்.

பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும். மூக்கால் மெதுவாக இழுத்து, ஒரு கணம் வைத்து, குழாயால் மூன்று நாலு செக்கன் ஊத வேண்டும். இப்படி எட்டுப் பத்துத் தடவை. பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து 'ஹா' என்று இரண்டு மூன்று தடவை, கடைசியில் ஒரு இருமல். கொஞ்சம் ஆறவிட்டு மீண்டும் தொடங்குங்கள். மூன்று நாலு சுற்று, காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்ட உடனே செய்தால் இருமலோடு சோறும் வரும். அந்த 'ஹா'வைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் நகர்ந்த சளி அங்கேயே நிற்கும். உதடு விறுவிறுத்துத் தலை சுற்றினால் அளவுக்கு மிஞ்சி ஊதியிருக்கிறது, ஒரு நிமிடம் சும்மா இருக்கட்டும். குழாயை வாயில் வைத்தபடியே மூச்சு இழுக்கிற பழக்கமுள்ள பிள்ளைக்கு நுரைத் திரவம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். பலவீனமான பிள்ளைக்கு 5 சென்ரிமீற்றரில் தொடங்கலாம்.

போத்தலின் குறை சுத்தம்தான். ஒவ்வொரு முறையும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். மாரியில் அப்படியே விட்டால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. குழாயைக் கழுவித் தொங்கவிட்டுக் காயவிடுங்கள், போத்தலைக் கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு பிள்ளையின் குழாயை இன்னொரு பிள்ளை வாயில் வைக்கக்கூடாது, அண்ணன் தம்பி என்றாலும்.

மூன்று வயதுக்குச் சவர்க்காரக் குமிழி. கோயில் திருவிழாக் கடைகளில் விற்கிற சின்னப் போத்தல் போதும். இதன் அருமை, வேகமாக ஊதினால் படலம் உடைந்துவிடும். மெதுவாக ஊதச் சொல்லி யாரும் கத்த வேண்டியதில்லை. திரவம் முடிந்தால் ஒரு கப் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. வன்னியின் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர், அதில் குமிழி பெரிதாகாமலே உடையும். மழைநீரோ ஆர்.ஓ தண்ணீரோ எடுத்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் குமிழியில் பின்தடை இல்லை, ஆகவே கெட்டிச் சளிக்குப் போத்தலின் வேலையை இது செய்யாது.

பனையோலைக் காற்றாடி அழகுதான். சோளகம் அடிக்கிற மாதங்களில் முற்றத்தில் அது தானே சுற்றும், பிள்ளை ஊதியதா என்று தெரியாது. வீட்டுக்குள் வைத்து, 'எவ்வளவு நேரம் நிற்காமல் சுற்றுது' என்று எண்ணுங்கள். பூவரசம் இலைப் பீப்பீக்குக் காசும் வேண்டாம், கடையும் வேண்டாம். இலையைக் கழுவிச் சுருட்டி நுனியை நசுக்கினால் சரி. சத்தம் எவ்வளவு நீளம் என்று போட்டி வைத்தால் பயிற்சி, எவ்வளவு பெரிது என்று வைத்தால் வெறும் கூத்து.

பலூனை எட்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே வேண்டாம். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் தொண்டையில் போய் அடைக்கும்.

குழந்தைகளின் தொய்வுக்கு மூச்சுப் பயிற்சி தனியே எவ்வளவு உதவும் என்பதில் ஆய்வுகள் இன்னும் உறுதியான முடிவு தரவில்லை. ஆகவே தொய்வு மருந்து இழுக்கிற பம்பையும், அதில் பொருத்துகிற ஸ்பேசர் குடுவையையும் எந்தப் போத்தலுக்காகவும் குறைக்கக்கூடாது. இழுப்பு இருக்கிற நேரம் ஊதவிட்டால் இழுப்பு இன்னும் கூடிவிடும். விலா எலும்புக்கிடை உள்ளிழுக்கிறது, ஒரு வசனம் முழுதாய்ப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் சாமானைத் தூக்கி வைத்துவிட்டு, தந்த பம்பைக் கொடுத்து, அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். இருமலில் இரத்தம் வந்த பிள்ளை, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்த பிள்ளை, அண்மையில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளை போத்தலைத் தொட முன் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் முதலில் சோதனை, விளையாட்டுப் பிறகு. சூடடிக்கிற காலத்தில் களத்துத் தூசிக்குள் நின்று பயிற்சி செய்வதும், விறகு அடுப்புக்குப் பக்கத்தில் செய்வதும் வீண் வேலை.

இவ்வளவுக்கும் பிறகு மூன்று பந்துக் கருவிதான் வேண்டுமென்றால், கடையிலேயே பொதியைப் பார்த்து வாங்குங்கள். நெளிகுழாய் பெட்டியில் பொருந்துகிற இடத்தில் வெடிப்பு இருந்தால் காற்று கசிந்து பந்து எழும்பாது. பெட்டியைக் கவிழ்த்து நிமிர்த்தினால் மூன்று பந்தும் ஒட்டாமல் விழ வேண்டும். பாவித்த பிறகு வாய்த்துண்டை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பெட்டிக்குள் தண்ணீர் போனால் பந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.