கமெண்ட்ரி சொல்லியே இங்கிலீஷ்: எங்க ஊர் சண்டே கிளாஸ் ரிவ்யூ

என் பொண்ணு ஆறாவது படிக்கிறா, தமிழ் மீடியம். இங்கிலீஷ் போயம், எஸ்ஸே எல்லாம் கடகடன்னு ஒப்பிச்சிடுவா, ஆனா யாராவது திடீர்னு ஒரு கேள்வி கேட்டா வாயே தொறக்க மாட்டா. போன வருஷம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்ல சேர்த்தோம், டென்ஸ் டேபிள் எழுதி எழுதி ரெண்டு நோட்டு தீர்ந்ததுதான் மிச்சம். அப்பதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, இங்க திண்டுக்கல்லயே ஒரு சார் ஸ்போர்ட்ஸ் கமெண்ட்ரி சொல்ல வெச்சு இங்கிலீஷ் கத்துக்குடுக்கிறாருன்னு. எட்டு ஞாயித்துக்கிழமை, 1,500 ரூபா. போன வாரம் முடிஞ்சுது.

மேட்ச் கிளிப்ப சவுண்ட் இல்லாம ஓட விடுவாரு, புள்ளைங்க கையில மைக், அவ்ளோதான் கிளாஸ். மொத நாள் போட்டது 2011 வேர்ல்டு கப் ஃபைனல், வான்கடேல குலசேகரா பால்ல தோனி தூக்குன சிக்ஸ். அதுக்கு ரவி சாஸ்திரி சொன்னது நம்ம ஊர்ல பாதி பேருக்கு மனப்பாடம், ஆனா சார் அத ஒப்பிக்க விடல, "நீ பாக்கறத நீ சொல்லும்மா"ன்னுட்டாரு. என் பொண்ணு மைக்க ரெண்டு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு "ஹி ரன்... ஹி த்ரோ... தோனி ஹிட்... பால் கோ, கோ..."ன்னு நின்னுட்டா. நடுவுல யாரும் திருத்தல. கிளிப் முடிஞ்சப்புறம்தான் சார் சொன்னாரு, "ஓடறது ஒரே ஆளுதான, அப்ப ரன்னுக்குப் பின்னாடி ஒரு 'ஸ்' சேத்துக்கோ". மூணாவது வாரம் அதே கிளிப்புக்கு "ஹி ரன்ஸ் இன், ஹி பௌல்ஸ், தோனி ஹிட்ஸ் இட், இட்ஸ் கோயிங், கோயிங், சிக்ஸ்!"னு கத்துறா. வாசல்ல நின்ன எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இது ஏன் வேலை செய்யுதுன்னு நானும் யோசிச்சேன். நம்ம புள்ளைங்க மொதல்ல தமிழ்ல யோசிச்சு அத மனசுக்குள்ளயே இங்கிலீஷ் பண்ணி தப்பு இருக்கான்னு பாத்து அப்புறம்தான் வாயத் தொறக்குதுங்க, ஆனா பால் அதுவரைக்கும் காத்திருக்காது, அதனால தெரிஞ்ச வார்த்தைய போட்டு பேசியே ஆகணும். டென்ஸும் தானா வந்துடுது. பால் போடும்போது ஹி பௌல்ஸ், அதையே ரீப்ளேல பாத்து சொல்லும்போது ஹி பௌல்டு, ஃபீல்டர் மாத்தறத பாத்து என்ன நடக்கும்னு சொன்னா ஹி இஸ் கோயிங் டு பௌல் ஷார்ட். டேபிள் எழுதி வராதது ஒரு ஓவர்ல வந்துடுச்சு.

மொத மூணு வாரம் வெறும் கிரிக்கெட். கபடி ஆடற ரெண்டு பொண்ணுங்க அதுல ஒட்டாம உக்காந்திருந்துச்சுங்க, நாங்க கேட்டதுக்கப்புறம் சார் ப்ரோ கபடி கிளிப் போட ஆரம்பிச்சாரு. என்னக் கேட்டா கபடிதான் இதுக்கு பெஸ்ட். ஒரு ரெய்டு 30 செகண்டு, அதுக்குள்ள ரெய்டர் எந்தப் பக்கம் போறாரு, யாரத் தொட்டாரு, யாரு கால பிடிச்சாங்க எல்லாம் நிக்காம சொல்லணும். லெஃப்ட், ரைட், பிஹைண்ட், பிட்வீன், அக்ராஸ் எல்லாம் அப்படியே ஒட்டிக்குது. கபடி கபடின்னு மூச்சு விடாம பாடற மாதிரியே இங்கிலீஷும் மூச்சு விடாம வருது.

ஹோம் ஒர்க் வீட்டு கமெண்ட்ரி. நான் தோசை ஊத்த நின்னா கரண்டிய மைக் ஆக்கிட்டு பக்கத்துல வந்துடுவா. "அம்மா போர்ஸ் த பேட்டர், ஷி ஸ்ப்ரெட்ஸ் இட், நைஸ் ரவுண்ட் ஷேப்... ஓ நோ, இட்ஸ் ஸ்டக்!" உடனே ரீப்ளே வேற, "அம்மா ஃபர்காட் த ஆயில்!" ஸ்டக், ஸ்ப்ரெட், ஃப்ளிப் இதெல்லாம் அவ புக்குல நான் பாத்ததே இல்ல, ஆனா தெனமும் வேணும்ங்கற வார்த்தைங்க.

குறையும் சொல்லணும். 24 புள்ளைங்களுக்கு ரெண்டே மைக், ஒன்றரை மணி நேரத்துல ஒருத்தருக்கு ஆறேழு நிமிஷம் கிடைச்சா பெருசு. பேட்ச 12ஆ பிரிச்சா நல்லாருக்கும், நான் இன்னும் 500 சேத்துக் குடுக்கவும் ரெடி. அடுத்தது, கமெண்ட்ரில எல்லாமே சொல்றதுதான், கேக்கறது இல்ல. பஸ் எத்தன மணிக்குன்னு கேக்கவோ, லீவு கேக்கவோ, போன்ல பதில் சொல்லவோ அவளுக்கு இன்னும் திணறுது. கடைசி வாரம் ஒரு பேப்பர் குடுத்தாங்க, கிரிக்கெட்லருந்து சாதாரண பேச்சுக்கு வந்த வார்த்தைங்க, ஆன் த பேக் ஃபுட்னா பின்வாங்கற நிலைமை, இப்படி. அருமையான விஷயம், ஆனா பத்தே நிமிஷத்துல ஓட்டிட்டாங்க, அதுக்கு ரெண்டு கிளாஸ் தாராளமா குடுத்திருக்கலாம்.

சார்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன், மேட்ச் முடிஞ்சதும் ஒரு புள்ள பிளேயராவும் இன்னொரு புள்ள பேட்டி எடுக்கறவராவும் பேசட்டும், கேள்வி கேக்கற பழக்கமும் வரும்னு. அடுத்த பேட்ச்ல பண்றேன்னாரு. பொண்ணு பேர குடுத்துட்டேன்.