நாள் முழுக்கப் பேச்சு: ரேடியோ 4-ஆ, உலக சேவையா, 5 லைவா?

பேச்சை நம்பியே பிபிசி நடத்தும் ஆங்கில வானொலிகளில் பெரியவை மூன்று: ரேடியோ 4, உலக சேவை, 5 லைவ். காலை முதல் நள்ளிரவு வரை ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால் நான் ரேடியோ 4 பக்கம்தான். ஆனால் அந்த நாளின் சில மணி நேரங்களில் மற்ற இரண்டும் அதைத் தாண்டிவிடுகின்றன.

காலையைப் பாருங்கள். வார நாட்களில், பிரிட்டன் நேரப்படி 6 மணிக்கு, ரேடியோ 4-இல் ‘டுடே’ தொடங்கும். 1957-லிருந்து வரும் நிகழ்ச்சி. 8 மணிச் செய்தி முடிந்ததும், சுமார் 8.10-க்கு, அன்றைய முக்கியப் பேட்டி. வருவது பெரும்பாலும் ஓர் அமைச்சராகவோ எதிர்க்கட்சித் தலைவராகவோ இருக்கும். நழுவப் பார்த்தால் அதே கேள்வி திரும்ப வரும். அதிகாரத்தில் இருப்பவரைத் தினமும் இப்படி நேருக்கு நேர் கேட்பது எந்த நாட்டு வானொலிக்கும் பெருமைதான். குறை என்னவென்றால், பிரிட்டிஷ் அரசியல் பழகாதவருக்குப் பாதி பெயர்கள் புரியாது. உலக சேவையில் அந்தச் சிக்கல் இல்லை. கேட்பவர் நைரோபியிலும் இருக்கலாம், டாக்காவிலும் இருக்கலாம் என்பதை மனதில் வைத்து, யார் எவர் என்று சொல்லிவிட்டே செய்திக்குள் போவார்கள். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் காலையில் உலக சேவையோடு இருப்பதே நல்லது.

9 மணிக்கு மேல்தான் ரேடியோ 4 தன் பலத்தைக் காட்டும். வியாழக்கிழமையில் ‘இன் அவர் டைம்’. 1998-இல் தொடங்கி ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டியது. மூன்று பேராசிரியர்கள், ஒரு நெறியாளர், ஒரே தலைப்பு. முக்கால் மணி நேரம் போல ஓடும். ஒரு வாரம் அசோகர், இன்னொரு வாரம் ஒளிச்சேர்க்கை. தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒளிச்சேர்க்கையை நம்மில் எத்தனை பேர் தொடுவோம்? வானொலி ஓடிக்கொண்டிருப்பதால் கேட்கிறோம், கேட்டபின் விடமுடிவதில்லை. ரேடியோ 4 எனக்கு முதலிடம் ஆவதற்கு முதல் காரணம் இதுதான்.

10 மணிக்குப் பெண்களுக்கான ‘வுமன்ஸ் ஹவர்’. 1946-இல் தொடங்கியபோது அதன் முதல் தொகுப்பாளர் ஓர் ஆண்! இன்று மாதவிடாய் நிற்றல், பிரசவ வார்டுகளின் நிலை, ஓய்வூதியம் எல்லாம் ஒளிவுமறைவின்றி அங்கே பேசப்படுகின்றன.

அப்புறம் ‘தி ஆர்ச்சர்ஸ்’. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தின் கதை, 1951 முதல் பிரிட்டன் முழுக்க ஒலிபரப்பாகிறது. போருக்குப் பின் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், விளைச்சலைப் பெருக்கும் வழிகளை விவசாயிகளுக்குக் கதையோடு சேர்த்துச் சொல்லத்தான் வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனையுடன் இதை உருவாக்கினார்கள். பண்ணைக் கேட் திறக்கும் சத்தத்துக்கு ஸ்டுடியோவில் ஒரு பழைய இஸ்திரி மேசையைப் பயன்படுத்துவார்கள். தெரிந்த பிறகும் காதுக்கு அது நிஜக் கதவாகவேதான் கேட்கிறது.

உலக சேவையால் இந்த விதத்தில் ஒரு நாளை நிரப்ப முடியாது. யார் எப்போது வந்து சேர்வார்கள் என்று தெரியாததால் மணிக்கு மணி செய்தி. மூன்று மணி நேரம் தொடர்ந்து கேட்டால் அதே நாலு செய்திகள் சுற்றி வரும். ஆனாலும் ‘விட்னஸ் ஹிஸ்டரி’யைத் தவறவிடாதீர்கள். வரலாற்றின் ஒரு சம்பவத்தை, அப்போது அங்கே இருந்தவரே பத்து நிமிடத்தில் சொல்வார். அந்த நெருக்கத்துக்கு ரேடியோ 4-இல்கூட ஈடு குறைவு.

5 லைவ் 1994-இல் வந்தது. செய்தியும் விளையாட்டும். சாதாரண மக்கள் போன் போட்டுப் பேசும் நேரங்களில் அது நன்றாக இருக்கும். ரேடியோ 4-இல் கேட்காத ஊர்வழக்குகள் அங்கே கேட்கும். கால்பந்து உள்ள சனிக்கிழமை மதியம் வேறு போட்டியே கிடையாது. மற்ற நேரத்தில் எனக்கு அது ஒட்டவில்லை.

இரவு 12.48-க்கு ரேடியோ 4-இல் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. வைக்கிங், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று 31 கடல் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வேகம், மழை, பார்வைத் தூரம். ஒரு சொல்கூட வீண் இல்லை. படகே ஏறாதவர்களும் விழித்திருந்து கேட்பார்கள். நானும் கேட்பேன்.

ஒரு மணிக்கு ரேடியோ 4 அன்றைய ஒலிபரப்பை முடித்து, அதே அலைவரிசையை உலக சேவைக்கு விட்டுவிடும். 1941-இல் தொடங்கி, உள்நாட்டுப் போர்க்காலத்தில் இலங்கைத் தமிழர்கள் இரவில் காத்திருந்து கேட்ட தமிழோசையும் உலக சேவையின் பிள்ளைதான். அதன் வானொலி ஒலிபரப்பு 2017-இல் நின்றது. அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இணையத்தில் கேட்பவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். நம் காலை 7 மணிக்கு ரேடியோ 4-ஐத் திறந்தாலும் ஒலிப்பது உலக சேவைதான். ‘இன் அவர் டைம்’ நமக்கு வியாழன் பிற்பகல் 2.30; அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது 1.30. ‘தி ஆர்ச்சர்ஸ்’ அங்கே மாலை 7-க்கு வரும்போது நமக்கு நடுநிசி ஆகிவிடும். மறுநாள் மதியம் 2 மணி மறு ஒலிபரப்பைப் பிடியுங்கள்: நம் இரவு 7.30, கோடையில் 6.30.