மலிவு விலை வாக்கி டாக்கி: சென்னையில் நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பெட்டியின் மேல் 8 கி.மீ., 10 கி.மீ. என்று அச்சடித்து விற்கும் அரை வாட் வாக்கி டாக்கி, மேற்கு மாம்பலம் மாதிரி வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் தெருக்களில் 300 முதல் 500 மீட்டர் வரைதான் தெளிவாகப் பேசும். இரண்டு மாடி வீடுகளும் மரங்களுமாக இருக்கும் பகுதியில் 700 மீட்டர் வரை இழுக்கலாம். பெசன்ட் நகர் மணலில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க நின்றால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குக் குரல் கேட்கும். பெட்டியில் போட்ட எண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. தரையில் நிற்கும் இருவர் முகத்துக்கு நேரே ரேடியோவைப் பிடித்திருந்தால், பூமியின் வளைவு அலையை மறைக்க ஆரம்பிப்பது சுமார் 10 கி.மீ. தள்ளித்தான். இடையில் ஒரு சுவரோ மரமோ கூட இல்லாவிட்டால் மட்டுமே அது பொருந்தும்.

அதனால் ரேஞ்ச் போதவில்லை என்றால் முதலில் செய்யவேண்டியது மாடி ஏறுவது. மூன்றாம் மாடி மொட்டைமாடியிலிருந்து இன்னொரு மொட்டைமாடிக்குப் பேசினால், கீழே தெருவில் கரகரவென்று கேட்ட அதே ரேடியோ பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும். இந்த ரேடியோக்கள் பயன்படுத்தும் 446 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் போக, பாதி வழியில் நேர்க்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 13 மீட்டர் ஆரத்துக்கு இடம் காலியாக இருப்பது நல்லது. தெருவில் நிற்பவருக்கு அந்த இடம் முழுக்கக் கட்டடம்தான். மாடியில் ஏறினால் பெரும்பகுதி காலியாகிவிடும். மாடி ஏற வழியில்லாதபோது ரேடியோவை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இடுப்பில் செருகியபடியே மைக் வைத்துப் பேசினால் உடம்பே அலையில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும்.

வாட் அதிகமானால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் 5 வாட் ரேடியோவைத் தேடுகிறார்கள். அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போவது பத்து மடங்கு சக்தி, ரேடியோ கணக்கில் 10 டெசிபல் கூடுதல். வெட்டவெளியில் அது மூன்று மடங்கு தூரம் கொடுக்கும். கட்டடங்களுக்கு நடுவே இரண்டு மடங்குகூடத் தேறாது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்றே அந்த லாபத்தை முழுக்கச் சாப்பிட்டுவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து நான்காம் மாடி வீட்டுக்குப் பேசுவதும், லிஃப்டுக்குள்ளிருந்து பேசுவதும் எந்த ரேடியோவிலும் நம்பக்கூடாத விஷயங்கள்.

அதைவிட முக்கியம் சட்டம். இந்தியாவில் தனி உரிமம் இல்லாமல் குடும்பத்தார் பயன்படுத்தக்கூடிய கைரேடியோ அலைவரிசை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 2018-ல் வந்த விதிகள் இதைத் திறந்துவிட்டன. சக்தி அரை வாட்டுக்கு மேல் போகக்கூடாது. கருவிக்கு ஈ.டி.ஏ. எனப்படும் வகை ஒப்புதல் சான்றிதழ் இருக்கவேண்டும். ஆன்லைனிலும் கடைகளிலும் ஜோடியாக மலிவாகக் கிடைக்கும், திரை இல்லாத 16 சேனல் கறுப்பு ரேடியோக்கள் பலவும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே 462 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒலிபரப்பும். அது உரிமம் உள்ளவர்களின் இடம். கேபிள் போட்டுக் கணினி வழியாக 446-க்கு மாற்றினாலும் அதன் சக்தி வரம்புக்கு மேல்தான் இருக்கும், சான்றிதழும் வந்துவிடாது. பாஃபெங் யுவி-5ஆர் போன்ற ரேடியோக்கள் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலி உரிமம் உள்ளவர்களுக்கு. உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அந்தத் தேர்வை எழுதுங்கள். 12 வயது முடிந்த பிள்ளைகளும் எழுதலாம், வீட்டில் ஒருவர் ஹாம் ஆனால் வரும் பயன் இந்தச் சின்ன ரேடியோவால் வரவே வராது.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ வாங்கி வரும் ஜோடியிலும் இதே சிக்கல். அங்கே குடும்ப ரேடியோவுக்குக் கொடுத்திருப்பது 462, 467 மெகாஹெர்ட்ஸ். இங்கே அதற்கு அனுமதி கிடையாது, இங்கே வாங்கிய 446 செட்டுடன் அது பேசவும் செய்யாது. பாசமாகக் கொண்டுவந்தாலும் பெட்டியிலேயே இருக்கட்டும். பர்மா பஜார் பக்கம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொம்மை வாக்கி டாக்கி வீட்டு வாசலுக்கும் மாடிக்கும் சரி, அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம்.

பயன்படுத்துவதில் அடிக்கடி வரும் புகார் "முதல் வார்த்தை கேட்கவே மாட்டேங்குது" என்பதுதான். "அம்மா, நுழைவாசல்ல நிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால், அம்மாவுக்கு "ல நிக்கிறேன்" மட்டும் கேட்கும். பேட்டரியை மிச்சப்படுத்த ரிசீவர் அடிக்கடி கண்ணயர்ந்து விழிக்கும். பிரைவசி கோட், அதாவது பேச்சோடு சேர்ந்து போகும் மெல்லிய அடையாளத் தொனி, போட்டிருந்தால் அந்தத் தொனியை அடையாளம் காண இன்னும் ஒரு நொடியின் கால்பங்கு ஆகும். பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசவேண்டும். பேசி முடித்தபின்னும் உடனே விரலை எடுக்காதீர்கள். வாசகத்தையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: யாரைக் கூப்பிடுகிறோம், யார் பேசுகிறோம், செய்தி. "அப்பா, நான் கவி. பாட்டி கார்லயே இருக்காங்க." இவ்வளவு போதும். எட்டு வயதுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

பிரைவசி கோட் என்ற பெயரை நம்பி ரகசியம் பேசவேண்டாம். மற்றவர் பேச்சு உங்கள் ஸ்பீக்கரில் வராமல் அது தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் பேச்சை அதே சேனலில் கோட் போடாமல் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். ஓ.எம்.ஆர். குடியிருப்புகளில் செக்யூரிட்டிக்காரர்களும் வணிக வளாகங்களும் 1-ம் சேனலிலேயே கிடப்பது வழக்கம், அதனால் 10-க்கு மேல் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. இரண்டு வேறு பிராண்டு ரேடியோக்களைச் சேர்க்கும்போது கோட் எண்ணைப் பார்க்காமல் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 38 தொனிப் பட்டியலில் 8 என்பது 88.5 ஹெர்ட்ஸ். 69.3-ஐயும் சேர்த்த பட்டியலில் அதே 88.5 ஒன்பதாவதாக இருக்கும். விளக்கு மட்டும் எரிந்து குரல் வராவிட்டால் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டிலும் பிரைவசி கோட் வசதியை அணைத்துவிட்டுப் பேசிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

வாய் திறந்தாலே ஒலிபரப்பும் வாக்ஸ் வசதியை இங்கே அணைத்தே வையுங்கள். மின்விசிறிக் காற்றும் பஸ் ஹாரனும் போதும், அது தானாக ஒலிபரப்பி சேனலை அடைத்துவிடும். ஈ.சி.ஆரில் இரண்டு மூன்று கார்களாகப் போகும்போது முன்சீட்டில் ஓட்டாதவர் கையில் ரேடியோ இருக்கட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓட்டுபவர் கையில் தகவல்தொடர்புக் கருவி வைத்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் வருகிறது. காரின் இரும்புக் கூடு அலையைக் குறைப்பதால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிரிந்தால் குரல் கட்டாக ஆரம்பிக்கும். ரேடியோவைக் கண்ணாடி ஓரமாகப் பிடித்தால் கொஞ்சம் தேவலை.

இனி பேட்டரி. நீண்ட நாள் பயன்பாட்டில் மற்ற எதையும்விட இதுதான் தீர்மானிக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு, 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, 90 சதவீதம் சும்மா இருப்பது என்ற கணக்கில் வருவது. பிள்ளைகள் கையில் அந்த விகிதம் நிற்காது, பாதி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஏ.ஏ.ஏ. போடும் செட்டில், சார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், சாதா அல்கலைன் 1.5 வோல்ட். நிக்கல் போட்டால் திரையில் பேட்டரி அளவுக் கோடு எப்போதும் ஒன்று குறைவாகக் காட்டும், அது பழுது இல்லை. அல்கலைன் போட்டபடி சார்ஜர் தொட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பல செட்டுகள் அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், பேட்டரி கசிந்து உள்ளே தகடு அரித்துவிடும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் செல்களைக் கழற்றி வையுங்கள். லித்தியம் பேக் உள்ளதைப் பாதி சார்ஜில் அலமாரியில் வையுங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் விட்டால் பேக் உப்பி மூடி சரியாகப் பொருந்தாமல் போகும்.

கடற்கரை ஓரத்து வீடுகளில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. பின்பக்கச் சார்ஜிங் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ராத்திரி முழுக்கத் தொட்டியில் இருந்தும் சார்ஜ் ஏறாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் அடுத்த களிம்பு சீக்கிரம் வரும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி.67 தரக்குறி போட்ட செட்டும் நன்னீரில் சோதித்துத் தேறியதுதான். கடலலை பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, மூடிகளைத் திறக்காமல் துடைத்து உலர்த்துங்கள். மணல் புகுந்து பட்டன் ஒட்டிக்கொண்டால் செட் தொடர்ந்து ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், மற்றவர் யாரும் பேசமுடியாது. குழுவில் திடீரென்று எல்லோரும் மௌனமானால் முதலில் இதைப் பாருங்கள். பெல்ட் கிளிப் எல்லா மலிவு செட்டிலும் முதலில் உடைவது, கழுத்துக் கயிறு போட்டுவிடுவது மேல்.

காணும் பொங்கலன்று மெரினாவில் செல்போன் லைன் கிடைக்காமல் தவிக்கும்போது இந்த ரேடியோ தன் காசை மீட்டுக்கொடுக்கும். ஆனால் பிள்ளையின் கையில் காவல்துறை கட்டிவிடும் அடையாளப் பட்டைக்கு இது மாற்று இல்லை, அதையும் கட்டிக்கொள்ளுங்கள். 2015 வெள்ளத்திலும் 2016 டிசம்பர் 12 வர்தா புயலிலும் பல பகுதிகளில் செல்போன் முடங்கியதைப் பார்த்தவர்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தோடு பேச ஒரு வழி இருப்பதன் அருமை தெரியும். மோட்டார் எப்போது போடுவது, பால் வண்டி எந்த முனையில் நிற்கிறது, மேல்மாடிப் பெரியவருக்கு மருந்து போதுமா என்பதற்கெல்லாம் தாராளமாகப் போதும். ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஆன் செய்வது என்று பேசி வைத்துக்கொண்டால் பேட்டரி பல நாள் தாங்கும்.

ரிச்சி தெருவில் வாங்குவதானால் ஈ.டி.ஏ. எண்ணைக் கேளுங்கள், பின்பக்கச் சீட்டில் 446 என்று இருக்கிறதா பாருங்கள். ஆண்டெனா கழற்ற முடியாதபடி இருப்பது நல்ல அறிகுறி. ஒருவர் கடையிலேயே நிற்க, இன்னொருவர் பேசிக்கொண்டே அண்ணா சாலை முனை வரை நடந்து பாருங்கள். வால்யூமை முழுக்க வைக்கும்போது ஸ்பீக்கர் பிளிறினால் வேறு செட் கேளுங்கள். தனியாக பேட்டரி பேக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு பணம் கொடுங்கள்.