பக், பகிள், பீகிள்: வீட்டுக்கு எந்த மூக்கு?

பக் நாயின் சப்பை முகம் பிடித்திருக்கிறது, ஆனால் அது மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க மனம் வரவில்லை என்று சொல்பவர்களுக்கு விற்பனையாளர்கள் கைகாட்டுவது பகிளை. பக்கையும், பீகிள் என்ற நீள மூக்கு வேட்டை நாயையும் இணைசேர்த்துப் பிறக்கும் கலப்பினம் அது. அமெரிக்காவில் 2000-களின் நடுவில் பெருநகர மக்களிடையே பெரிய மோகமாகவே பரவியது. நம் ஊரிலோ முதலில் வந்தது அசல் பக்தான். 2003-ல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக்கைப் பார்த்து வீடு வீடாகப் பக் வாங்கினார்கள். அந்தத் தலைமுறை பக்குகளின் குறட்டையையும் கண் புண்ணையும் கோடைக்காலத் தவிப்பையும் பார்த்துவிட்ட குடும்பங்கள்தான் இன்று கலப்பினத்தைத் தேடுகின்றன.

"பக்கின் அழகு, பீகிளின் ஆரோக்கியம்" என்று சொல்லித்தான் பகிளை விற்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. பகிள் நல்ல வீட்டு நாயாக அமையலாம். ஆனால் அது எந்தப் பகிள் என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிப்பது இனத்தின் பெயரோ விலையோ நிறமோ இல்லை. கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்பதுதான். இந்த மூன்று நாய்களையும் நான் ஒப்பிடுவது பெரும்பாலும் அந்த அளவை வைத்தே.

மூச்சு

நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூக்கினுள் சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய எலும்புகளின் மேல் ஈரச் சவ்வு படர்ந்திருக்கிறது. அதன் வழியாகவும் நாக்கின் மேலும் காற்று ஓடும்போது ஈரம் ஆவியாகி உடல் சூடு இறங்குகிறது. இரைப்பதுதான் அதன் குளிரூட்டும் வழி. பக்கின் மண்டையோட்டை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் குறுக்கினார்கள். எலும்பு குறுகிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை குறுகவில்லை. அதனால் மேலண்ணத்தின் மென்பகுதி நீண்டு மூச்சுப் பாதையில் தொங்குகிறது. மூக்குத் துளைகள் கீறல்போல் ஒடுங்கிவிடுகின்றன. பலர் செல்லமாக ரசிக்கும் அந்தக் 'கர்... கர்' ஒலி, காற்று போக வழியில்லாமல் எழும் ஒலி.

லண்டனில் உள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வு, பக்குகளின் மருத்துவப் பதிவுகளை மற்ற நாய்களின் பதிவுகளோடு ஒப்பிட்டது. குறுமுக நாய்களுக்கே உரிய மூச்சுப்பாதை அடைப்பு பக்குக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 54 மடங்கு. கருவிழிப் புண் 13 மடங்கு. தோல் மடிப்புப் புண் 11 மடங்கு. உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி ஒரு வழக்கமான நாயாகக் கருத முடியாது என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தார்கள். பக் பிரியர்களுக்கு இது கசக்கும். எனக்கும் பக்கை மிகவும் பிடிக்கும். பிடிப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

பீகிள் இதற்கு நேர் எதிர். அதன் முகவாய் (கண்ணுக்கு முன்னால் நீளும் மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி) நீளமும் மண்டை நீளமும் ஏறக்குறைய சரிசமம். மூச்சுக் குறையோடு பிறக்கும் இனம் அல்ல அது. பகிள் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ விழுகிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

அசல் பக்கும் அசல் பீகிளும் நேரடியாகச் சேர்ந்த முதல் தலைமுறைக் குட்டிகள், முகத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் பாதியை ஒரு பக்கமிருந்தும் பாதியை மறு பக்கமிருந்தும் பெறுகின்றன. பெரும்பாலும் நடுத்தர மூக்கு வாய்க்கும். இரண்டு பகிள்களை இணைசேர்த்துப் பிறக்கும் குட்டிகளில் அந்த மரபணுக்கள் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்துவிடுகின்றன: ஒன்றுக்கு நீண்ட முகவாய், அதன் கூடப் பிறந்ததற்குச் சப்பை முகம். இன்னொரு வழக்கமும் இருக்கிறது. முகம் சப்பையாக இருந்தால்தான் விலை ஏறும் என்பதற்காகப் பகிளை மீண்டும் பக்குடனேயே சேர்ப்பார்கள். அப்படிப் பிறக்கும் குட்டியில் முக்கால் பங்கு பக். விளம்பரப் படத்தில் மிக அழகாகத் தெரியும் "தட்டை முகப் பகிள்" பெரும்பாலும் இதுதான். எந்தக் குறையிலிருந்து தப்பிக்கக் கலப்பினத்தைத் தேடினோமோ அதே குறைக்கு, பார்த்ததும் பிடித்துப்போகிறது என்பதற்காகவே, கூடுதல் பணம் கொடுத்து வாங்கி வருகிறோம்.

கலப்பினம் என்றாலே ஆரோக்கியம் என்பதும் முழு உண்மை அல்ல. அதே கல்லூரி 2024-ல் பூடில் நாயைக் கலந்து உருவான காக்கபூ, லாப்ரடூடுல், கவபூ ஆகிய மூன்று கலப்பினங்களை அவற்றின் தாய், தந்தை இனங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் கலப்பினத்துக்கும் தூய இனத்துக்கும் வேறுபாடே தென்படவில்லை. அந்த ஆய்வில் பகிள் இல்லை. ஆனாலும் "கலப்பினம், அதனால் நோய் வராது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களுக்கு அது போதுமான பதில். பகிளின் நன்மை கலப்பிலிருந்து தானாக வருவதில்லை. மூக்கு நீளும்போது மட்டும் வருகிறது.

எவ்வளவு நீண்டால் போதும்? பிரிட்டனில் 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று, முகவாய் நீளம் மண்டை நீளத்தில் பாதிக்கும் கீழே போகும்போது மூச்சுப்பாதை அடைப்புக்கான வாய்ப்பு தொடங்கி, குறையக் குறைய ஏறுவதைக் காட்டியது. நெதர்லாந்து அரசு 2019-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த முகவாய் உள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று வரையறுத்தது. இதை வீட்டிலேயே அளக்கலாம். தையல்காரர் நாடா ஒன்று போதும். மூக்கு நுனியிலிருந்து இரு கண்களுக்கும் நடுவே நெற்றி எழும்பும் பள்ளம் வரை ஓர் அளவு. அந்தப் பள்ளத்திலிருந்து தலையின் பின்புறம் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு வரை இன்னோர் அளவு. பின் அளவு 12 சென்டிமீட்டர் என்றால் முன் அளவு 6 இருப்பது நிம்மதி. 4-க்குக் கீழே இருந்தால் அது பகிள் என்ற பெயரில் இருக்கும் பக்.

சென்னை வெயிலில்

குளிர் நாடான பிரிட்டனிலேயே குறுமுக நாய்களுக்கு வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு மற்றவற்றைவிட இரு மடங்கு என்று 2020-ல் ஓர் ஆய்வு கண்டது. சென்னையின் மே மாதத்தை யோசித்துப் பாருங்கள். வெயில் மட்டும் சிக்கல் இல்லை, கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. பகலில் ஏசி இல்லாத வீட்டில், கடலோர நகரில், பக் வளர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறுபாட்டை நேரில் பார்க்க விரும்பினால் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் மாலை ஆறு மணிக்கு நின்றால் போதும். ஒரே சுற்று நடந்து திரும்பும் பீகிள் தரையை மோந்துகொண்டே தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடும். பக்கின் நாக்கு நுனி கரண்டிபோல் அகன்று வளைந்திருக்கும்; கடைவாய் காது வரை இழுபட்டு, சிரிப்பதுபோலத் தெரியும். குழந்தைகள் அதைப் பார்த்து மகிழ்வார்கள். அது சிரிப்பு அல்ல. நடையை நிறுத்திப் பத்து நிமிடமான பிறகும் இரைப்பு அடங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாய் அது. தூங்கும்போது தாடையைக் கட்டில் சட்டத்தின் மேல் உயர்த்தி வைப்பதும், பொம்மையை வாயில் கவ்வியபடியே உறங்குவதும் பலர் படம் எடுத்துப் பகிரும் காட்சிகள். வாயைத் திறந்து வைத்தால்தான் காற்று போகிறது என்று அந்த நாய் தானே கண்டுபிடித்த வழியாகவும் அது இருக்கலாம்.

நாய் தள்ளாடினாலோ நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினாலோ, ஆட்டோ தேடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி மின்விசிறியின் கீழ் நிறுத்துங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனை. இது பக், பகிள், பீகிள் மூன்றுக்கும் பொருந்தும்.

கண், தோல்

பக்கின் கண்குழி ஆழமற்றது. விழி வெளியே துருத்தி நிற்கும். குழந்தையின் நகம், பூந்தொட்டி முள், பூனையின் ஒரு அடி, எது பட்டாலும் நேராகக் கருவிழியில்தான் படும். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். பகிளில் மூக்கு நீண்டால் கண்ணும் சற்று உள்வாங்கும். மூக்கு மடிப்பும் குறையும். மடிப்பு இருந்தால் தினமும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். நம் புழுக்கத்தில் இரண்டு நாள் விட்டாலே நாற்றம் வந்துவிடும். பீகிளுக்குத் தோல் மடிப்புத் தொல்லை இல்லை, தொங்கும் காதுக்குள் சீழ் பிடிக்கும் தொல்லை உண்டு. பகிளுக்கு இரண்டும் வரலாம்.

குணம்

இங்கே கணக்கு மாறுகிறது. பக் முன்னுக்கு வருகிறது. சீன அரண்மனைகளில் மடியில் உட்காரவே வளர்க்கப்பட்ட நாய் அது. ஆளோடு இருப்பதே அதற்கு வேலை. முன்பு சொன்ன 2022 ஆய்விலேயே, மற்ற நாய்களைவிடப் பக்கிடம் சண்டைக் குணம் குறைவு என்றும் பதிவாகியிருக்கிறது. வயதானவர்களுக்கும் சின்ன வீட்டுக்கும் இதைவிட இணக்கமான குணம் கிடைப்பது அரிது.

பீகிள் இங்கிலாந்தில் முயலின் தடத்தைக் கூட்டமாக மோந்து விரட்ட வளர்க்கப்பட்டது. அமெரிக்க வேளாண் துறை 1984 முதல் விமான நிலையங்களில் பயணிகளின் பைக்குள் ஒளிந்திருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்கப் பீகிள்களைப் பயன்படுத்துகிறது. அந்த மூக்கு ஒரு வாசனையைப் பிடித்துவிட்டால் காது கேட்பதை நிறுத்திவிடும். கயிறு இல்லாமல் தெருவில் விடவே கூடாது. அதன் குரல் சாதாரணக் குரைப்பும் அல்ல. கழுத்தை நிமிர்த்தி இழுத்து ஊளையிடும். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மாலை வரை அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பகிளில் இந்த இரண்டில் எது மேலோங்கும் என்று குட்டியில் சொல்லிவிட முடியாது. பீகிளின் ஓட்டத்தையும் பக்கின் மூச்சையும் சேர்த்துப் பெற்ற பகிள்தான் எல்லாவற்றிலும் பரிதாபமானது. ஓடத் துடிக்கும், நுரையீரல் கேட்கும் காற்றை மூக்கு தராது. இரண்டு இனத்துக்கும் பொதுவானது சாப்பாட்டு ஆசை. அது பகிளுக்குத் தப்பாமல் வரும். எட்டு கிலோ நாய்க்கு ஒரு கிலோ கூடுவது எட்டில் ஒரு பங்கு எடை; குறுமுக நாய்க்கு அது கழுத்தில் சேரும் கொழுப்பாகி மூச்சை மேலும் நெரிக்கும். தயிர்ச் சாதத்தில் மிச்சம், தேநீரோடு பிஸ்கட், பாட்டி தரும் தோசைத் துண்டு என்று ஆளாளுக்குப் போடும் வீட்டில் பகிள் ஓராண்டில் பீப்பாய் ஆகிவிடும். ஒரே ஆள், ஒரே கிண்ணம் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

ஜெர்மனியில் பக்கை ஜாக் ரஸ்ஸல், பார்சன் ரஸ்ஸல் டெரியர்களோடு சேர்த்து 'ரெட்ரோ பக்' என்ற பெயரில் நீள மூக்கை மீட்கும் முயற்சி நடக்கிறது. நோக்கம் சரியானது, ஆனால் டெரியரின் துடிப்பு அடுக்குமாடிக்கு அதிகம். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் பக்–பொமரேனியன் கலப்பை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம்: அடர்ந்த முடி, குறுகிய மூக்கு. வெயிலுக்கு இதைவிடப் பொருந்தாத சேர்க்கை இல்லை.

வாங்கும் இடத்தில்

முகத்தைப் பார்த்து மயங்கும் இடம் இதுதான். எந்த நாய்க் குட்டிக்கும் மூக்கு குட்டையாகத்தான் இருக்கும். பீகிள் குட்டிகூட உருண்டை முகத்தோடுதான் வரும். வளர வளரத்தான் முகவாய் நீளும். ஆகவே இரண்டு மாதக் குட்டியின் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு வயது கடந்த பகிளைத் தத்தெடுப்பதே என் முதல் பரிந்துரை: மூக்கு, குரல், குணம் மூன்றும் கண்முன்னே தெரியும். மூன்று நிமிடம் வேகமாக நடத்திவிட்டு, குனிந்து அதன் தொண்டையருகே காதை வையுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மருத்துவர்கள் குறுமுக நாய்களின் மூச்சுத் தரத்தை மதிப்பிடும் முறையிலும் மூன்று நிமிட ஓட்டம்தான் நடுப்பகுதி. அவர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார்கள். குறட்டை ஒலி ஓட்டத்துக்குப் பின் கூடினால் அந்த நாயை மருத்துவரிடம் காட்டிய பிறகே முடிவெடுங்கள்.

சின்னக் குழந்தை, கடலோர ஊர், பகலில் வீட்டில் ஆள் உண்டு என்றால் நீள மூக்குப் பகிள். தினமும் ஒரு மணி நேரம் நடக்கக் கூடிய, சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் வீடு என்றால் நேராகப் பீகிளே நல்லது. பக் வேண்டுமென்றால் புதிதாகக் குட்டி வாங்காமல், கைவிடப்பட்ட பக் ஒன்றுக்கு ஏசி அறையில் இடம் கொடுங்கள். மூன்றில் எதுவானாலும் கழுத்துப் பட்டை வேண்டாம். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், கயிறு இழுபட்டாலும் தொண்டையும் கண்ணும் தப்பிக்கும்.

குட்டிதான் வேண்டும் என்பவர்கள் இரண்டு விவரங்களை மனத்தில் வையுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் சங்கம் தூய இனங்களையே பதிவு செய்கிறது. பகிளுக்குச் சங்கச் சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது பொய். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய், தந்தை இரண்டையும் நேரில் பார்க்கக் கேளுங்கள். தாய் பீகிளாகவும் தந்தை பக்காகவும் நின்றால் அது முதல் தலைமுறை. இரண்டும் பகிள் என்றாலோ, ஒன்று பகிள் மற்றது பக் என்றாலோ, குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.