தனி பார்ட் டி திட்டமா, அட்வான்டேஜுக்குள் அடங்கிய மருந்துக் காப்பீடா?

அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு மருந்துக் காப்பீட்டுக்கு இரண்டு வழி: அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேருடன் தனியாக ஒரு பார்ட் டி (மருந்துக்கு மட்டுமான) திட்டம், இல்லையேல் அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும், மருந்தும் அடங்கிய மெடிகேர் அட்வான்டேஜ்.

அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில் மருந்துக்கென்று தனிப் பிரீமியம் கிடையாது. ஆனால் பெரும்பாலும் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போகவேண்டும். தனித் திட்டத்துக்குப் பெரும்பாலும் பிரீமியம் உண்டு. டாக்டர் விஷயத்தில் கட்டுப்பாடு குறைவு.

மருந்துக்கான உச்சவரம்பு இரண்டுக்கும் ஒன்றே. 2026இல் டிடக்டபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டும் தொகை) 615 டாலரைத் தாண்டாது. கைக்காசு 2,100 டாலரைத் தொட்டுவிட்டால், திட்டத்தில் உள்ள மருந்துகளுக்கு அந்த ஆண்டு மேற்கொண்டு கட்டவேண்டாம். திட்டத்தில் இல்லாத மருந்துக்குக் கொடுத்த பணம் இந்தக் கணக்கில் ஏறாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே மெடிகேரின் அரசு இணையதளத்தில் மருந்தின் பெயர், மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை மாத்திரை, எந்த பார்மசி என்று எல்லாம் போட்டு, பிரீமியமும் சேர்ந்த ஆண்டுச் செலவை வைத்து ஒப்பிடுங்கள். அதே மாத்திரை பக்கத்து பார்மசியில் வேறு விலை காட்டும்.

அட்வான்டேஜின் எச்எம்ஓ, பிபிஓ (டாக்டர் பட்டியல் வைத்து நடத்தும் வகைகள்) திட்டத்தில் இருந்துகொண்டே தனி பார்ட் டியிலும் சேர்ந்தால், அட்வான்டேஜ் தானாக ரத்தாகிவிடும்.

நாலைந்து ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகிறவருக்குத் தனித் திட்டமே மேல். இப்போது அட்வான்டேஜ், பிறகு ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம் என்று தள்ளிப்போட்டால், பெரும்பாலான மாநிலங்களில் மெடிகேப் (ஒரிஜினல் மெடிகேர் கொடுக்காத பங்குக்கான தனியார் துணைக் காப்பீடு) நிறுவனம் உடல்நிலையைக் காட்டி மறுக்கக்கூடும். திட்டம் மாற்றுவதற்கான காலம் ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை.