பரோலோவா, புருனெல்லோவா?

இரண்டுமே பல வருடம் பாட்டிலில் பொறுத்திருக்கக்கூடிய இத்தாலியச் சிவப்பு ஒயின்கள். ஆனால் ஒரே அளவுகோலால் இரண்டையும் எடைபோட முடியாது.

பியட்மாண்ட் பகுதியின் பரோலோ நெபியோலோ திராட்சையில் செய்வது. இதில் நிறத்தை நம்பாதீர்கள். இளம் ஒயினே வெளிறித்தான் இருக்கும், விளிம்பில் செங்கல் நிறம் சீக்கிரமே தெரியும். அதை வைத்து வயதாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. முகர்ந்தால் ரோஜா வாசமும் சாலைத் தார் வாசமும். வாயில் நெல்லிக்காய் கடித்தது போல ஈறை இறுக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்கு அடியில் பழச்சுவை இருக்கிறதா என்று நிதானமாகத் தேடுங்கள். இருந்தால் முதிர்வதற்காக எடுத்து வைக்கலாம். துவர்ப்பு மட்டும்தான் என்றால் காலம் அதைச் சரிசெய்யாது. விதிப்படி குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில்.

டஸ்கனியின் புருனெல்லோ டி மொண்டால்சினோ முழுக்க சாஞ்சொவேசே திராட்சை. புளிப்புச் செர்ரி, காய்ந்த மூலிகை, முதிர்ந்தால் பதனிட்ட தோலின் வாசம். துவர்ப்பு உண்டு, ஆனால் ஒயினை நிமிர்த்தி வைப்பது புளிப்புதான். அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும்.

கொஞ்சம் சீக்கிரமே திறக்க வேண்டுமா, சரி, புருனெல்லோ எடுங்கள். 15 வருடம் பொறுக்க மனமும் குளிர்ந்த இருட்டறையும் இருந்தால், என் ஓட்டு பியட்மாண்டின் செர்ராலுங்கா கிராமத்துப் பக்கத்துப் பரோலோவுக்கு.